கியரின் எண்ணிக்கையை விடுங்கள், பல்லை எண்ணுங்கள்

புதிதாக சைக்கிள் வாங்க வருகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணா, இதில் எத்தனை கியர்?" என்பதுதான். விற்பவருக்கும் அது வசதியான கேள்வி. கியர் இல்லாததற்கு ஒரு விலை, 7 கியருக்கு ஒரு விலை, 21 கியருக்கு இன்னொரு விலை என்று அடுக்கிவிடலாம். நிறுவனத்தின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் '21 ஸ்பீட்' என்று ஃபிரேமில் ஒட்டியிருப்பதும் இதற்காகத்தான்.

அந்த எண்ணை வைத்துக்கொண்டு சைக்கிளைப் பற்றி உருப்படியாக எதையும் தெரிந்துகொள்ள முடியாது. தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. மிதிக்க இருப்பதிலேயே லேசான கியர் எவ்வளவு லேசு? இருப்பதிலேயே கனமான கியர் எவ்வளவு கனம்? நடுவில் எத்தனை படிகள் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். இரண்டையும் கடையிலேயே, சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கைபேசியில் இருக்கும் கால்குலேட்டரை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

முதல் படி: சைக்கிளுக்கு முன்னால் சாலையைப் பாருங்கள்

அன்றாடம் எங்கே ஓட்டப் போகிறீர்கள்? மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை என்றால் வழியில் இருக்கும் ஏற்றமெல்லாம் ஒன்றிரண்டு பாலங்கள்தான். தஞ்சாவூர், நாகப்பட்டினம் பக்கம் அதுகூடக் குறைவு. இந்த ஊர்களில் கியரே இல்லாத சைக்கிளில் காலம் முழுக்க ஓட்டியவர்கள் ஏராளம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தரும் விலையில்லா மிதிவண்டியிலும் ஒரே கியர்தான்.

கோயம்புத்தூர்க்காரர் கதை வேறு. வாரநாட்களில் அலுவலகத்துக்குப் போய்வர எந்த சைக்கிளும் போதும். ஞாயிற்றுக்கிழமை மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறிப் பார்க்கலாம் என்று ஆசை வந்துவிட்டால், ஏறக்குறைய 325 மீட்டர் உயரத்தில் தொடங்கி 1,850 மீட்டர் வரை மிதித்தாக வேண்டும். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. அங்கே லேசான கியர் இல்லாத சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

காற்றையும் ஒரு ஏற்றமாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று சைக்கிள்காரரை மட்டும் விட்டுவைக்குமா? மேட்டுக்கு ஓர் உச்சி உண்டு. எதிர்காற்றுக்கு அதுவும் கிடையாது.

இவற்றோடு உங்கள் உடல் எடை, முழங்காலின் நிலை, பின்னால் ஏற்றப் போகும் சுமை, பிள்ளையை உட்கார வைக்கும் இருக்கை எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நண்பரின் சைக்கிள் அவருடைய சாலைக்கும் அவருடைய காலுக்கும் பொருந்தியது. உங்களுக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

இரண்டாம் படி: பல் கணக்கு

பெடலோடு சுற்றும் பெரிய பல்சக்கரத்தில் எத்தனை பல், பின்சக்கரத்தோடு இருக்கும் சிறிய பல்சக்கரத்தில் எத்தனை பல் என்று பாருங்கள். பெரும்பாலும் சக்கரத்தின் பக்கவாட்டிலேயே சிறிய எழுத்தில் பொறித்திருப்பார்கள். இல்லையென்றால் ஒரு பல்லில் சாக்பீஸால் குறி வைத்து எண்ணிவிடுங்கள். முன்பல்லைப் பின்பல்லால் வகுத்தால், பெடல் ஒரு சுற்று சுற்றும்போது பின்சக்கரம் எத்தனை சுற்று சுற்றும் என்பது தெரிந்துவிடும். அதைச் சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கினால் ஒரு மிதிச்சுற்றுக்கு எத்தனை மீட்டர் நகர்வீர்கள் என்பது கிடைக்கும். சுற்றளவு டயரைப் பொறுத்துச் சற்றே மாறும். 26 அங்குலச் சக்கரத்துக்கு ஏறக்குறைய 2.07 மீட்டர், 700சி சக்கரத்துக்கு 2.1, பழைய பெரிய கறுப்பு சைக்கிளின் 28 அங்குலத்துக்கு 2.2 என்று வைத்துக்கொள்ளலாம்.

கறுப்பு சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்றால் வகுத்து வருவது 2.44. ஒரு சுற்றுக்கு 5.4 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 19 கிலோமீட்டர் வேகம். சமதரையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிதானமாக ஓட்டுகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான கியர் கிடையாது. அந்தக் காலத்துச் சைக்கிளை வடிவமைத்தவர்கள் ஒரே ஒரு கியரை யோசித்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

அதே சைக்கிளை 6 சதவீத ஏற்றத்துக்குக் கொண்டுபோங்கள். 100 மீட்டர் தூரத்துக்கு 6 மீட்டர் உயரும் சாலை அது, மலைப்பாதைகளில் சாதாரணம். 70 கிலோ ஆள் 15 கிலோ சைக்கிளில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏற ஏறக்குறைய 125 வாட் சக்தி வேண்டும். கொஞ்சம் பழகியவருக்கு இது எட்டாத அளவு இல்லை. ஆனால் 5.4 மீட்டர் கியரில் அந்த வேகத்தில் போனால் நிமிடத்துக்கு 25 சுற்றுதான் வரும். ஒவ்வொரு மிதிக்கும் எழுந்து நின்று முழு எடையையும் போட வேண்டியிருக்கும்.

முன்னால் 24 பல்லும் பின்னால் 28 பல்லும் உள்ள கியரில் ஒரு சுற்றுக்கு 1.77 மீட்டர்தான். அதே 8 கிலோமீட்டர் வேகத்துக்கு நிமிடத்துக்கு 75 சுற்று. செலவாகும் சக்தி அதே 125 வாட்தான். பெடல் மீது விழும் விசை மட்டும் மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. அரிசி மூட்டையை ஒரே தூக்கில் மாடிக்கு ஏற்றுவதும் மூன்று நடையாகப் பிரித்து ஏற்றுவதும் போலத்தான் இது: வேலை ஒன்றே, இடுப்புக்கு வரும் வலி வேறு. கியர் உங்களுக்குப் பலம் சேர்க்காது. இருக்கும் பலத்தை உங்கள் கால் தாங்கும் அளவில் பிரித்துக் கொடுக்கும், அவ்வளவுதான்.

ஆகவே வகுத்து வரும் எண்ணை இப்படிப் பயன்படுத்துங்கள். சமதரை மட்டும் என்றால் இருப்பதிலேயே லேசான கியர் 1.5 பக்கம் இருந்தாலே தாராளம். மேம்பாலமும் சிறு மேடுகளும் உண்டு என்றால் 1.2. மலை ஏற வேண்டும் என்றால் 1, அல்லது அதற்கும் கீழே. சுமையோடு மலை என்றால் 0.85-க்குக் கீழே தேடுங்கள். கனமான பக்கத்தைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். 3 என்று வந்தால் 26 அங்குலச் சக்கரத்தில் நிமிடத்துக்கு 80 சுற்றில் மணிக்கு 30 கிலோமீட்டர் கிடைக்கும். அதற்கு மேல் போவது இறக்கத்தில்தான். இறக்கத்தில் மிதிப்பதைவிட பிரேக்கைப் பிடிப்பதே வேலை.

மூன்றாம் படி: 21-ஐப் பிரித்துப் பாருங்கள்

21 என்பது முன்னால் 3, பின்னால் 7, பெருக்கினால் 21. விலை குறைந்த சைக்கிள்களில் அடிக்கடி காணும் அமைப்பு, முன்னால் 42, 34, 24 பல்லும் பின்னால் 14, 16, 18, 20, 22, 24, 28 பல்லும். வகுத்துப் பார்த்தால் வேடிக்கை தெரியும். 42-ஐ 28-ஆல் வகுத்தால் 1.5. 24-ஐ 16-ஆல் வகுத்தாலும் அதே 1.5. 42-ல் 20-உம் 34-ல் 16-உம் ஏறக்குறைய 2.1. 42-ல் 24, 34-ல் 20, 24-ல் 14 மூன்றும் 1.7 பக்கத்திலேயே நிற்கின்றன. ஒரே கியருக்கு மூன்று முறை காசு கொடுக்கிறீர்கள்.

இதிலும் சில இணைகளைத் தொடவே கூடாது. முன்னால் பெரியதும் பின்னால் பெரியதும் சேர்ந்தால் செயின் குறுக்காக இழுபட்டுக் கரகரக்கும், சீக்கிரம் தேயும். முன்னால் சிறியதும் பின்னால் சிறியதும் சேர்ந்தாலும் அதே கதி. கழிக்க வேண்டியதைக் கழித்து எவ்வளவு தாராளமாக எண்ணினாலும் மிஞ்சுவது 14. அந்த 14-ஐயும் வரிசைப்படி பயன்படுத்த வேண்டுமென்றால் இடது கையையும் வலது கையையும் மாற்றி மாற்றி இயக்க வேண்டும். அப்படி ஓட்டுகிறவர் எவரையும் நான் பார்த்ததில்லை.

லேசான முனை 0.86, கனமான முனை 3. கனமானது லேசானதைப்போல் 3.5 மடங்கு. இந்த மடங்குதான் சைக்கிளின் வீச்சு. முன்னால் 32 பல் ஒன்று மட்டும், பின்னால் 11 முதல் 42 வரை 10 பல்சக்கரங்கள் உள்ள சைக்கிளை இதோடு ஒப்பிடுங்கள். லேசான முனை 0.76, கனமான முனை 2.9, வீச்சு 3.8 மடங்கு. பத்தே கியர், 21-ஐ விட லேசாகவும் போகிறது, வீச்சும் அதிகம். மலைச்சாலை சைக்கிள்களில் வரும் 12 கியர் அமைப்பில், பின்னால் 10 பல்லிலிருந்து 51 பல் வரை வைத்தால், வீச்சு 5 மடங்கைத் தாண்டுகிறது. முன்னால் 50, 34 பல்லும் பின்னால் 11 முதல் 34 வரை 8 பல்சக்கரங்களும் கொண்ட 16 கியர் சாலை சைக்கிளுக்கு வீச்சு 4.5 மடங்கு. எண்ணிக்கையில் எல்லாம் 21-க்குக் கீழே.

கியர் கூடினால் பயனே இல்லையா என்றால், உண்டு. அது வீச்சில் இல்லை, நெருக்கத்தில் இருக்கிறது. ஒரு கியரிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது காலின் தாளம் எவ்வளவு குலைகிறது என்பதே கேள்வி. பின்னால் 24-லிருந்து நேரே 34-க்குத் தாவும் மலிவான ஃப்ரீவீல், அதாவது பின்பக்கப் பல்சக்கரத் தொகுதி, ஒன்று உண்டு. அந்த ஒரு தாவலில் கால் சட்டென்று காற்றில் சுழல்வதுபோல் ஆகிவிடும். குழுவாக, ஒரே வேகத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை எதிர்காற்றில் போகிறவர்களுக்கு 10 சதவீத இடைவெளியில் அடுத்த கியர் கிடைப்பது பெரிய நிம்மதி. பந்தயக்காரர்கள் 11, 12 என்று போவது இதற்காகத்தான். காய்கறி வாங்கப் போகிறவருக்கு இந்த நெருக்கம் தேவைப்படாது.

பந்தயக்காரர்களே ஒரு காலத்தில் கியரை ஒதுக்கியவர்கள்தான். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் மாற்றும் டீரெய்லரை 1937 வரை அனுமதிக்கவில்லை. பந்தயத்தை நடத்திய ஆன்றி தெகிரான்ஜுக்கு கியர் என்றாலே ஆகாது. அதுவரை வீரர்கள் பின்சக்கரத்தின் இரு பக்கமும் வேறு வேறு பல்சக்கரம் மாட்டிக்கொண்டு, மலையடிவாரத்தில் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டு ஏறினார்கள். கியர் வேண்டுமா என்ற விவாதம் அன்றே முடிந்துவிட்டது. எத்தனை என்பதில்தான் இன்னும் கடைக்காரர்கள் பிழைக்கிறார்கள்.

நான்காம் படி: கடையில் தூக்கிப் பாருங்கள்

ஒரே விலையில் 21 கியர் சைக்கிளும் 7 கியர் சைக்கிளும் இருந்தால் நான் 7-ஐத்தான் எடுக்கச் சொல்வேன். மலிவு விலைக்குள் முன்னால் ஒரு டீரெய்லர், கூடுதலாக இரண்டு பல்சக்கரம், இன்னொரு கேபிள், ஹேண்டில்பாரில் கியரை மாற்றும் ஷிஃப்டர் இன்னொன்று எல்லாவற்றையும் அடைக்க வேண்டுமென்றால் வேறு எங்கோ கை வைத்திருப்பார்கள்: பிரேக்கில், ரிம்மில், பேரிங்கில். முன்பக்க டீரெய்லர்தான் புதியவர்களுக்கு அதிகத் தொல்லை தருவது. செயின் அதன் தகட்டில் உரசிக்கொண்டே இருக்கும், அல்லது கழன்று உள்ளே விழும்.

கடைக்காரரை பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, பெடலைக் கையால் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு கியராக மாற்றுங்கள். ஒரு சொடுக்குக்கு ஒரு கியர் மாற வேண்டும். தயங்கி, இரண்டு சுற்று கழித்து மாறினாலோ, இரண்டு பல்சக்கரம் தாவினாலோ சரிசெய்யச் சொல்லிவிட்டு அங்கேயே நில்லுங்கள். புது சைக்கிளில் இது திருகைத் திருப்பிச் சரியாகிற விஷயம். சரியாகவில்லை என்றால் டீரெய்லர் தொங்கும் ஹேங்கர் வளைந்திருக்கலாம். பின்னால் நின்று பாருங்கள். டீரெய்லரின் இரண்டு சிறு சக்கரங்களும் மேலே உள்ள பல்சக்கரத்துக்கு நேர்கோட்டில் இருக்க வேண்டும்.

எடை அதிகமுள்ளவர்களும் சுமை ஏற்றுகிறவர்களும் இன்னொன்றைக் கேளுங்கள்: பின்னால் இருப்பது ஃப்ரீவீலா, கேசட்டா? ஃப்ரீவீல் என்பது சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பின் மீது திருகி மாட்டும் பழைய முறை. 7 பல்சக்கரம் உள்ள ஃப்ரீவீலில் வலப்பக்கப் பேரிங் வெகு உள்ளே தள்ளி இருப்பதால், பாரம் கூடினால் அச்சு வளையும், ஒடியவும் செய்யும். கேசட் முறையில் பேரிங் ஓரத்துக்கு வந்துவிடுகிறது. கடைக்காரருக்கே தெரியவில்லை என்றால் பல்சக்கரங்களைப் பின்னோக்கிச் சுற்றிவிட்டு, நடுவே கருவி மாட்டும் பள்ளங்களைப் பாருங்கள். அவையும் சேர்ந்து சுற்றினால் கேசட், அசையாமல் நின்றால் ஃப்ரீவீல்.

கடைசியாக, உங்கள் தெருமுனை மெக்கானிக்கை நினைத்துக்கொள்ளுங்கள். 7 கியர் செயின் வெளியகலம் 7 மில்லிமீட்டர் சுமார். எந்த ஊரிலும் கிடைக்கும். 12 கியர் செயின் 5.3 மில்லிமீட்டர் பக்கம். மெல்லியது, விலை கூடியது, சின்ன ஊர்களில் வரவழைத்துத்தான் மாட்ட வேண்டும். வீல் கோட்டம் எடுப்பதிலும் ஓவராயிலிங்கிலும் கைதேர்ந்த பெரியவர்கள்கூட 12 கியரைக் கண்டால், "தம்பி, இதைப் பெரிய கடைக்கே கொண்டு போய்விடுங்கள்" என்று ஒதுங்கிக்கொள்வார்கள். ஹப்புக்குள்ளேயே கியர் வைத்த வகையும் உண்டு. ஜெர்மனியின் ரோலாஃப் ஹப் 14 கியரில் 5 மடங்குக்கு மேல் வீச்சு தருகிறது. அருமையான பொருள்தான், ஆனால் நம் ஊரில் பழுதானால் பார்க்க ஆள் தேட வேண்டும்.

ஐந்தாம் படி: ஓட்டத் தொடங்குங்கள்

புதியவர்களைக் குழப்புவது ஒன்று. முன்னால் சிறிய பல்சக்கரம் லேசு. பின்னால் பெரிய பல்சக்கரம் லேசு. ஷிஃப்டரில் எழுதியிருக்கும் 1 என்பது இரண்டு கையிலும் லேசான பக்கம். இடது கை முன்பக்கத்துக்கு, வலது கை பின்பக்கத்துக்கு.

21 கியர் சைக்கிள் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதா? முன்னால் நடுச்சக்கரத்தில் வைத்துவிட்டு இடது கையைத் தொடவே தொடாதீர்கள். 34 பல் நடுச்சக்கரத்தோடு பின்னால் உள்ள 7-ஐ மட்டும் பயன்படுத்தினால், நிமிடத்துக்கு 70 சுற்றில் மணிக்கு 10.5 கிலோமீட்டரிலிருந்து 21 கிலோமீட்டர் வரை ஓட்டலாம். நகரத்துக்குள் அதற்கு வெளியே போகும் வாய்ப்பு எப்போதாவதுதான் வரும். சில வாரங்கள் இப்படி ஓட்டிய பிறகும் இன்னும் லேசான கியர் வேண்டும் என்று கால் கேட்டால், அப்போது சிறிய முன்சக்கரத்தைத் தேடுங்கள்.

மேடு தொடங்குமுன்பே கியரை மாற்றுங்கள். ஏற்றத்தின் நடுவில் முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் பல்லின் மீது ஏறி நின்று 'டக்'கென்று அறையும். செயின் அறுவதும் பெரும்பாலும் அப்போதுதான். மாற்றும் அரைச் சுற்றுக்கு மட்டும் பெடலை லேசாக மிதியுங்கள். மிதிப்பதை நிறுத்தியும் விடாதீர்கள், செயின் ஓடினால்தான் கியர் மாறும். சிக்னலில் நிற்குமுன் இரண்டு கியர் லேசாக்கிவிட்டு நின்றால், பச்சை விழுந்ததும் பின்னால் வரும் ஆட்டோவின் ஹாரனுக்கு முன்பே கிளம்பிவிடலாம்.

மலைக்காக மட்டும் புது சைக்கிள் வாங்க நினைப்பவர்கள் அதற்குமுன் ஃப்ரீவீலை மாற்றிப் பார்க்கலாம். 14–28-ஐக் கழற்றிவிட்டு 14–34 மாட்டினால், நடுச்சக்கரத்திலேயே 34-க்கு 34, அதாவது சரியாக 1 கிடைத்துவிடும். சிறிய சக்கரத்தில் 0.7. டீரெய்லர் 34 பல்லைத் தாங்கும் வகையா என்பதையும், செயினில் இரண்டு கண்ணி கூட்ட வேண்டுமா என்பதையும் மெக்கானிக்கிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். 24-லிருந்து 34-க்கான அந்தப் பெரிய தாவல் இதில்தான் வரும். மலையில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

புது சைக்கிளில் முதல் மாதத்தில் கேபிள் கொஞ்சம் தளர்ந்து கியர் தடுமாறும். சைக்கிள் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். பின் டீரெய்லரில் கேபிள் நுழையும் இடத்தில் விரலால் திருப்பும் சிறு குமிழ் இருக்கும். செயின் பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால் அதைக் கழற்றும் திசையில் அரைச் சுற்று. சிறியதற்கு இறங்கத் தயங்கினால் முடுக்கும் திசையில் அரைச் சுற்று. அதற்கு மேல் திருப்புவதற்குமுன் ஓட்டிப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் H, L திருகுகள் டீரெய்லர் இரு பக்கமும் எவ்வளவு தூரம் நகரலாம் என்று எல்லை வைப்பவை, அவற்றை இப்போதைக்குத் தொடாதீர்கள். அவை தவறினால் செயின் போக்ஸ் கம்பிக்குள் போய் விழும்.

ரயிலிலோ வேனிலோ ஏற்றும்போது சைக்கிளை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். வலப்பக்கம் விழுந்தால் முதலில் வளைவது ஹேங்கர்தான். பில் போடும்போதே, ஒரு மாதம் கழித்துக் கொண்டுவந்தால் கியரை இலவசமாகச் சரிசெய்து தருவார்களா என்று கேட்டு, அதை பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.